சுவர் காயட்டும், பிறகு நிறம் பேசலாம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். சிங்கப்பூரில் நானும் அம்மாவும் நலம். மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் நான் பாதிப் பதில்தான் சொன்னேன். இருப்பதிலேயே அதிக விலை சொன்னவரிடம் வீட்டுக்குச் சாயம் பூசும் வேலையைக் கொடுத்து ஐந்து வாரமாகியும் சுவரில் ஏன் ஒரு துளிச் சாயம்கூட ஏறவில்லை என்பது ஒன்று. நீ அனுப்பிய கரும்சாம்பல் நிறப் படத்துக்கு நான் ஏன் சரி சொல்லவில்லை என்பது மற்றொன்று. செலவில் பாதியை நீ ஏற்றிருப்பதால் உனக்குக் கணக்குச் சொல்ல வேண்டியது என் கடமை.

நம் வீடு கடைசியாகச் சாயம் கண்டது 2018 டிசம்பரில், உன் திருமணத்துக்கு முன்பு. தையில் முகூர்த்தம், வெளியூர் உறவினர் வருவதற்குள் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நான் நின்ற காலில் நின்றேன். வடகிழக்குப் பருவமழை நாள்தோறும் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மழை விட்ட இடைவெளிகளில் நான்கே நாளில் முடித்துக் கொடுத்தார்கள். திருமணப் படங்களில் வீடு அழகாகத்தான் இருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து உன் அறைச் சன்னலுக்குக் கீழே அப்பளம் போலக் கொப்புளித்து உரிய ஆரம்பித்தது. வேலை செய்தவர்களை அப்போது மிகவும் திட்டினேன். ஈரச் சுவரில் பூசச் சொல்லி அவசரப்படுத்தியது நான்தான் என்பதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

நாம் முன்பு இருந்த அடுக்குமாடி வீட்டில் இந்தக் கவலையே இல்லை. நகர மன்றம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புளோக் முழுவதற்கும் சாயம் பூசும். காட்டப்படும் வண்ணத் திட்டங்களில் ஒன்றுக்கு வாக்களிப்பதோடு நம் வேலை முடிந்துவிடும். சாயம் என்றால் நிறம் என்று மட்டுமே நான் நினைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

டிசம்பரில் விலை சொல்ல வந்த மூவரில் இருவர் வாசலில் நின்றபடியே சன்னல்களை எண்ணி விலை சொல்லிவிட்டார்கள். மூன்றாமவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். இங்கே இருபது ஆண்டுக்கு மேலாக இதே தொழிலில் இருக்கிறார். அவர் விலையைப் பற்றிப் பேசாமல் உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தேய்த்து என்னிடம் காட்டினார். கை முழுவதும் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி. வெயில் சாயத்தின் பசையைச் சிதைத்துவிடுவதால் நிறத்தூள் பிடிமானம் இல்லாமல் நின்றுகொண்டிருக்கிறது, இதன்மேல் எந்த உயர்ந்த சாயத்தைப் பூசினாலும் அது பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும், சுவரைப் பிடிக்காது என்றார். பிறகு கத்தி முனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி வெடுக்கென்று இழுத்தார். பழைய சாயம் சில்லுச் சில்லாக நாடாவோடு வந்துவிட்டது. ஐம்பது காசு நாணயத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே போனவர், சத்தம் பொள்ளையாகக் கேட்ட இடங்களில் எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டார். அவரது விலைப்பட்டியலில் பதினொரு வரிகள் உண்டு. அவற்றில் சாயம் மூன்றே வரி.

உன் சன்னலுக்குக் கீழே இருந்த கொப்புளம்தான் பெரிய பாடம். அதைச் சுரண்டி, சுவரைச் சமப்படுத்தும் பட்டி பார்த்து மூடிவிட்டால் போதும் என்று நான் நினைத்தேன். ஒரு வாரம் மழை இல்லாமல் இருந்தும் அந்த இடம் மட்டும் ஏன் ஈரமாக இருக்கிறது என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. குளிர்சாதனத்தின் நீர் வடியும் குழாய் சுவருக்குள் ஓர் இணைப்பில் விட்டுப்போயிருந்தது. நீ ஊருக்கு வரும்போதெல்லாம் இரவு முழுவதும் அதைப் போட்டுக்கொண்டு தூங்குவாயே, அத்தனை நீரும் சுவர்ப்பூச்சான காரைக்குள் இறங்கியிருக்கிறது. நீர் வெளியே வரும்போது சிமெண்டில் உள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு வந்து வெள்ளை வெள்ளையாகப் பூக்கவைக்கும். சாயத்தோல் வழிவிடாத இடத்தில் அதைத் தள்ளிக் கொப்புளமாக்கும். முதலில் குழாய்க்காரர் வந்தார். பிறகு பொள்ளையான காரையை உடைத்தெடுத்துவிட்டு ஜனவரி முதல் வாரத்தில் புதிதாகப் பூசினார்கள். புதுச் சிமெண்டில் காரத்தன்மை மிக அதிகம். அது சாயத்தின் நிறத்தையும் பிடிமானத்தையும் தின்றுவிடும் என்பதால் 28 நாளாவது ஆற விட்டு, அதன்பிறகும் காரத்தைத் தாங்கும் சீலர் என்ற அடிப்பூச்சு ஒன்று கொடுக்க வேண்டும். நீ கேட்ட ஐந்து வாரம் பெரும்பாலும் இதில்தான் போயிற்று.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின்கட்டுச் சுவரில் இருந்த கரும்பாசிமேல், துணி துவைக்கப் பயன்படும் குளோரின் திரவத்தில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் சேர்த்துத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டுக் கழுவினார்கள். பாசியைக் கொல்லாமல் அதன்மேலேயே பூசினால் அது புதுச் சாயத்தையும் துளைத்துக்கொண்டு வருமாம். நீ அங்கே இதைச் செய்து பார்ப்பதாக இருந்தால் அந்தக் கலவையோடு அமிலத்தையோ வேறு கழிவறைத் திரவத்தையோ கலந்துவிடாதே, நச்சுவாயு கிளம்பும். போன வாரம் நீர்ப்பீச்சியால் வீடு முழுவதையும் கழுவினார்கள். பெரிய விரிசல்களை வாய் அகலமாகக் கீறி, சுவர் அசைந்தால் தானும் வளைந்துகொடுக்கும் அக்ரிலிக் கலவையால் அடைத்தார்கள். சிலிகான் வேண்டாம், அதில் சாயம் ஒட்டாது என்று நான் கேட்காமலே சொன்னார். வீட்டுக்குள் பார்க்கும் பட்டியை வெளிச்சுவரில் பார்த்தால் மழையில் ஊறி உப்பிவிடும் என்பதால் வெளிப்புறத்துக்கு உரிய சிமெண்டுப் பட்டியே வாங்கியிருக்கிறோம். ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் இதில் சிக்கனம் பார்ப்பது வீண்.

அளவைப் பொறுத்தவரை, முன்புறம், பின்புறம், சுற்றுச்சுவர் எல்லாம் சேர்த்து 110 சதுர மீட்டர். இரண்டு பூச்சுக்கு 220. ஒரு லிட்டர் 10 முதல் 12 சதுர மீட்டர் வரை போகும் என்று டப்பாவில் போட்டிருந்தாலும் நம் சொரசொரப்பான சுவரில் எட்டுக்கு மேல் போகாது. ஆகவே 5 லிட்டர் டப்பா ஆறு. மூன்றாமவரைவிடக் குறைவாகச் சொன்ன ஒருவர் நான்கு டப்பா எழுதியிருந்தார். ஒன்று, தண்ணீர் அதிகம் கலந்திருப்பார். இல்லையென்றால் ஒரு பூச்சோடு நிறுத்தியிருப்பார்.

இனி நிறம். உன் கரும்சாம்பல் படத்தில் மிக நன்றாக இருக்கிறது. ஆனால் நம் வாசல் மேற்கு பார்த்தது. பிற்பகல் ஒரு மணியிலிருந்து வெயில் முழுவதும் அந்தச் சுவரில்தான் விழுகிறது. கரும் நிறம் வெப்பத்தைக் குடித்து உன் பழைய அறையை இன்னும் புழுக்கமாக்கும், சுவரும் கூடுதலாக விரிந்து சுருங்கி விரிசலைத் திரும்பக் கொண்டுவரும். உப்புப் பூத்தாலும் பொடி வழிந்தாலும் கரும் பரப்பில்தான் முதலில் தெரியும். பேரன் போன முறை லிட்டில் இந்தியாவில் 1900இல் கட்டப்பட்ட, பல வண்ணம் பூசிய டான் டெங் நியா வீட்டைப் பார்த்துவிட்டு, நமக்கும் பலகைக்கு ஒரு நிறம் வேண்டும் என்று அடம்பிடித்தான். அவனிடம் சொல், பளீர்ச் சிவப்பும் மஞ்சளும் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும் என்று. இரும்புத் துருவின் குடும்பத்தைச் சேர்ந்த காவி, செங்கல், வெளிர்மஞ்சள் நிறங்கள் பல ஆண்டு நிற்கும். எனக்கு அந்த வெளிர்மஞ்சள்தான் பிடித்திருக்கிறது. உன் சாம்பலைச் சன்னல் மேல்தட்டுகளுக்கும் இரும்புக் கதவுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. கைப்பேசித் திரையில் முடிவு செய்யாதே. இரண்டு நிறத்திலும் ஒரு மீட்டர் பலகை பூசி வாசலில் சாய்த்து வைக்கிறேன், காலையிலும் மாலையிலும் படம் அனுப்புகிறேன். படமும் பொய் சொல்லும்தான், ஆனால் கொஞ்சம் குறைவாகச் சொல்லும்.

நான்கு மீட்டருக்கு மேல் உயரும் சாரத்தை இங்கே அங்கீகாரம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் கட்ட முடியும். அதற்கு நாள் குறித்தாயிற்று. சீனப் புத்தாண்டுக்கு விருந்தினர் வருவார்கள், அதுவரை சாரம் வேண்டாமே என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டுக்கொண்டார். அவர் சுவரும் நம் சுவரும் ஒன்று என்பதால் எல்லைக்கோட்டில் எந்த நிறம் எங்கே முடியும் என்பதையும் அவரோடு நின்று பேசிவிட்டேன். அவருக்கும் வெளிர்மஞ்சள்தான் பிடித்திருக்கிறதாம். அதை வைத்து உன்னை நெருக்கவில்லை.

சுவர் இருந்தால்தானே சித்திரம் என்று அம்மா என்னைக் கேலி செய்துகொண்டிருக்கிறாள். உன் முடிவை வெள்ளிக்கிழமைக்குள் சொல்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: சுவரில் ஈரம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, நேற்று மாலை உன் சன்னலுக்குக் கீழே முழநீளச் சதுரமாகப் பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு ஓரமும் நாடா ஒட்டி வைத்தோம். பதினாறு மணி நேரம் கழித்து இன்று பிரித்துப் பார்த்தபோது உட்புறத்தில் பொடிப் பொடியாக நீர்த்துளிகள் இருந்தன. சீலருக்கு இன்னும் ஒரு வாரம் தள்ளச் சொல்லிவிட்டேன்.