95 என்று எழுதி அழித்த மாணவி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆய்வகத்தில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவி தெர்மாமீட்டரைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் 95 என்று எழுதினாள். பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்தாள். அழித்துவிட்டு 100 என்று எழுதினாள்.

"ஏம்மா அழிச்சே?"

"புக்குல 100னு இருக்கு சார். எனக்கு சயின்ஸ் வராது, நான்தான் தப்பா பார்த்திருப்பேன்."

அவள் பார்த்தது சரி. நம் ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். புத்தகம் சொல்லும் 100 கடல்மட்டத்துக்கானது. கீழே சேலத்தில்கூட 99தான் வரும். (20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது காது அடைக்கிறதே, அதுவும் இந்த அழுத்தத்தின் வேலைதான்.)

தப்பு எங்கள் பக்கம். ரெக்கார்டில் புத்தக விடை இருந்தால் டிக், இல்லாவிட்டால் சிவப்பு மை என்றே திருத்தி வந்தோம். இயற்பியல் எடுத்த காலத்தில் நானும் அப்படித்தான். கண்ணால் கண்டதை அழித்துப் பழகிய பிள்ளை, அறிவியல் யாரோ செய்வது, நமக்கு மனப்பாடம் மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறது. பத்தாவது முடிந்து குரூப் எடுக்கும்போது, நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகூட "எனக்கு வராது" என்கிறது.

இனி பார்த்த எண்ணைத்தான் எழுத வேண்டும். புத்தகத்தோடு ஒத்துவராவிட்டால் ஏன் என்று இரண்டு வரி, அதற்கும் மார்க் உண்டு. பொதுத்தேர்வுக்கான விடையையும் சொல்லித்தான் தருகிறோம், கவலை வேண்டாம்.

மறுநாள் அந்த மாணவியை வகுப்பில் பேசச் சொன்னோம். சேலத்தில் பாட்டி வீட்டுச் சட்டியில் சீக்கிரம் வேகும் பருப்பு, இங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால் அம்மா எஸ்டேட்டுக்குக் கிளம்பும்வரை வேகாது, அதனால்தான் குக்கர் வாங்கினோம் என்றாள். அப்புறம் ஆளாளுக்கு அவரவர் வீட்டு அடுப்புக் கதை. மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். "எங்க வம்சத்துலயே யாருக்கும் சயின்ஸ் வராது" என்று பிள்ளை காதுபடச் சொல்லாதீர்கள். சனிக்கிழமை கூட்டத்துக்கு வரும்போது, குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேக எத்தனை நிமிடம் ஆனது, ஊறவைத்தீர்களா என்று குறித்துக்கொண்டு வாருங்கள். சேலத்துச் சொந்தக்காரர்களிடமும் கேட்டு வந்தால் நல்லது. பிள்ளைகள் அதை வைத்து கிராஃப் போடப்போகிறார்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்