அந்த மெசேஜை அனுப்பாதே

மாப்ள,

பிழை திருத்தித் தா என்று நீ அனுப்பிய அந்த நீளமான மெசேஜை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். பிழை பெரிதாக ஒன்றும் இல்லை, மனசு விட்டுத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் உன்னை வேண்டாம் என்று சொன்ன அந்தப் பெண்ணுக்கு அதை அனுப்பாதே. ஏன் வேண்டாம் என்றார், காரணம் மட்டும் தெரிந்தால் போதும் என்கிறாய், தெரிந்தால் நீ விடமாட்டாய்டா, அந்தக் காரணம் தப்பு என்று அடுத்த மெசேஜ் எழுத உட்கார்ந்துவிடுவாய். காலேஜ் நாளிலிருந்து உன்னைப் பார்க்கிறேனே.

என்னையும் இரண்டு பேர் வேண்டாம் என்று சொன்னது உனக்குத் தெரியும், முழுக் கதையும் உன்னிடம் சொன்னதில்லை.

முதல் பெண்ணை ஆப்பில்தான் பார்த்தேன். கர்நாடக சங்கீதம் உயிர் என்று போட்டிருந்தார். நானும் உடனே என் ப்ரொஃபைலில் அதையே சேர்த்தேன். மார்கழியில் மயிலாப்பூரில் ஒரு சபாவுக்குக் கூட்டிப்போனார். பாடுபவர் நிறுத்தி, மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆரம்பித்ததும், பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து, கேன்டீன் போகலாமா என்று எழுந்தேன். அவர் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, அது அப்படியே நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகு இரண்டே மெசேஜ், அவ்வளவுதான். மாசக்கணக்கில் எனக்கு ஆறவில்லை. அவர் வேண்டாம் என்றது நான் போட்ட வேஷத்தைத்தான், நிஜமான என்னை அவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் பிடித்திருக்குமோ என்ற கேள்வி இருக்கிறதே, அதுதான் தூங்கவிடவில்லை.

அடுத்த பெண்ணிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பைனாகுலரோடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பறவை பார்க்க நிற்பேன், கல்யாணத்தை மனதில் வைத்துத்தான் பழகுகிறேன், அம்மா என்னோடுதான் இருப்பார். ஒரு ஞாயிறு அவரும் வந்தார். ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு, இந்தப் பக்கம் கூழைக்கடா கூட்டம், நெடுங்கால் உள்ளான் சிவப்புக் காலைத் தூக்கித் தூக்கித் தண்ணீரில் வைத்து நடக்கிறது. இந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்ததையும், அதற்கு முன்னால் எவ்வளவு இடம் கட்டடமாகவும் குப்பையாகவும் போனது என்பதையும் நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டார். மூன்று வாரம் கழித்து, "நீங்க நல்லவர், ஆனா எனக்கு இது சரியா வரும்னு தோணலை" என்று போனிலேயே நேராகச் சொன்னார்.

வலித்தது. சாப்பாடு இறங்கவில்லை, அவர் ஆன்லைனில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நேராகச் சொன்னதற்கு நன்றி என்று மட்டும் எழுதிவிட்டு, கையைக் கட்டிப்போட நம்பரையும் அழித்தேன். ஆனால் அந்த வலி இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிட்டது. அவர் என்னை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார், பிறகு என்ன கேள்வி இருக்கிறது.

இப்போது உன் விஷயம். கோபப்படாமல் கேள். தென்காசிக்கே திரும்பிப் போய் அப்பாவின் தோப்பைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய்? உன்னை வேண்டாம் என்றவரிடம் பெங்களூரிலேயே வீடு வாங்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாய். அவர் சரி என்றிருந்தால், இரண்டு வருஷம் கழித்து அந்த வீட்டில் யார் சந்தோஷமாக இருந்திருப்பீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருத்தி வேண்டாம் என்றால் பின்னாலேயே போனால் மனசு மாறிவிடும் என்று நம் தலைமுறைக்குச் சினிமா சொல்லிக்கொடுத்தது, நாமும் விசிலடித்தோம். 2022 அக்டோபரில் பரங்கிமலை ஸ்டேஷனில் ஒரு காலேஜ் பெண்ணை ரயில் முன்னால் தள்ளிக் கொன்றான் ஒருவன், வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடாமல் தொந்தரவு செய்தவன். வேலைக்குப் போகும் வழியில் அந்த பிளாட்பாரத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. நீ அவன் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் அவர் வேண்டாம் என்று சொல்லி ஒன்பது நாள் கழித்து ராத்திரி பதினொரு மணிக்கு அவ்வளவு நீள மெசேஜ் வந்து விழும்போது, நீ அவன் இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்ன பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது 2013லிருந்து சட்டப்படியே குற்றம். முதல் தடவைக்கே மூன்று வருஷம் வரை ஜெயில். சட்டத்தை விடு, அவர் பயப்படக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

சொல்ல ஆசையாக இருக்கிறதெல்லாம் எனக்கு எழுது, எவ்வளவு நீளமானாலும் படிக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்முன் இரண்டு நாள் இங்கே வா. பழைய செருப்பு ஒன்று எடுத்துக்கொள், கரையெல்லாம் சேறு. பூநாரை வந்திருக்கிறதாம், நான் இன்னும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தே போய்ப் பார்ப்போம்.