நாற்பதாம் நம்பர் ஜோடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர் கொதித்துப்போய் எழுதியிருந்தார். ஏதோ கல்லூரி விழா மேடையில் ஒரு பையன் ஹை ஹீல்ஸ் போட்டு நடந்த படத்தைப் பார்த்தாராம். ஆம்பளைப் பிள்ளைக்கு இது தேவையா, இது பெண்களின் பொருள், இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கிற பைத்தியம் என்று நீட்டியிருந்தார். அவர் கோபம் அவருக்கு, அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ‘பெண்களின் பொருள்’ என்றும் ‘புதிது’ என்றும் எழுதியதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பொருளை 36 வருஷம் செய்தவன் நான்.

எனக்கு ஆம்பூர். 1984இல் ஒரு ஷூ கம்பெனியில், கால் அச்சின்மேல் தோலை இழுத்துப் பிடித்து ஷூவுக்கு உருக்கொடுக்கும் லாஸ்டிங் பிரிவில் ஹெல்பராகச் சேர்ந்து, பத்து வருஷத்துக்குப் பிறகு சாம்பிள் ரூமுக்குப் போனேன். வெளிநாட்டு பையர் அனுப்பும் டிசைனுக்கு முதல் ஜோடி பிறக்கிற இடம் அது. 2020இல் ஓய்வு பெற்றேன். ஹீல் என்றால் மேலே பார்க்கிற பளபளப்பு மட்டும் இல்லை. ஊசி ஹீலுக்குள் ஒரு இரும்புக் குச்சி இருக்கும். உள்ளங்கால் வளைவுக்கு நேராக, கால் பதியும் உள் அட்டையான இன்சோலில் ஷாங்க் என்று ஓர் இரும்புப் பட்டை இருக்கும். அது சரியில்லை என்றால் போட்டவர் நாலு நாளில் கீழே விழுவார். இந்த ஷாங்க் வைப்பதில் எங்கள் ரூமில் என்னை யாரும் குறை சொன்னது கிடையாது. சரி, சுயபுராணம் போதும்.

1998 என்று நினைவு. ஜெர்மனிக்குப் போகிற ஆர்டர், கறுப்பு கோர்ட் ஷூ, அதாவது வாரில்லாத பெண்கள் ஷூ, 85 மில்லிமீட்டர் ஹீல். சாம்பிள் எப்போதும் ஐரோப்பிய அளவில் 37ஆம் நம்பரில்தான் செய்வோம். ஸ்டிச்சிங்கில் ஒரு பெண்ணுக்கு அளவெடுத்தாற்போல 37 கால், அவர் வந்து போட்டு நடந்து காட்டிவிட்டுப் போவார். அன்றைக்கு பெரிய சைஸையும் போட்டுப் பார்த்தாக வேண்டும் என்றார் டெக்னீசியன். 40 யாருக்கு இருக்கிறது என்று கேட்டதும் எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். ஐந்தடி மூன்றங்குல ஆளுக்கு எவ்வளவு பெரிய கால் இருந்துவிடும்? சரியாக 40.

போட்டேன். லைனே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. விசில் அடித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் எழுந்து நின்றேன். இருபது அடி நடக்க வேண்டும். முதல் ஐந்தாறு அடி தள்ளாட்டம். அப்புறம் என்னவோ நடந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது. கெண்டைக்கால் இறுகி, சிமென்ட் தரையில் டக், டக் என்று என் நடையே என் காதுக்குக் கேட்டது. 14 வருஷமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த, ஷூவைச் சூடேற்றி உருவை நிலைக்கவைக்கும் ஹீட் செட்டர் மெஷின், அதன் தலைமேல் யாரோ மறந்துவைத்த டீ கிளாஸ் ஒன்று தூசி படிந்து நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். திரும்பி நடந்து வந்து கழற்றும்போது, கழற்ற மனமில்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை. முன்பாதத்தில் லேசாகப் பிடிக்கிறது என்று மட்டும் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

அந்த ஆர்டரில் ரிஜெக்ட் ஆன ஒரு 40ஆம் நம்பர் ஜோடியை, வலது ஷூவின் பக்கவாட்டில் ஒரு கீறல், தங்கைக்கு என்று சொல்லி விலைக்கு வாங்கினேன். பீரோவின் அடியில் வைத்திருந்தேன். மூன்றாவது நாள் மாட்டிக்கொண்டேன். என் மனைவிக்கு 36 கால். “எவளுக்கு வாங்கினீங்க?” என்றாள். எனக்கு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கதவைச் சாத்திவிட்டு, கைலியோடு, அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்து காட்ட வேண்டியதாகிவிட்டது. அழுதுகொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னது இன்னும் மறக்கவில்லை: “முட்டியை மடக்கிட்டே நடக்கறீங்க, கொக்கு மாதிரி இருக்கு. நேரா நீட்டி வையுங்க.” அவளும் வேறொரு கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்தவள்தான். தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட ஹீல்ஸ் போட்டதில்லை. ஊரெல்லாம் அப்படித்தான், விடியற்காலை கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற நூற்றுக்கணக்கான பெண்களின் காலைப் பாருங்கள், ரப்பர் செருப்புதான் இருக்கும். ‘பெண்களின் பொருள்’ என்று எழுதிய நண்பர் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி ‘புதிது’ என்பதற்கு வருகிறேன். ஹீல் முதலில் ஏறியது குதிரைக்காரன் காலில். பாரசீகத்துக் குதிரை வீரர்கள், சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையமான அங்கவடியில் எழுந்து நின்று அம்பு விடுவார்கள். கால் வழுக்காமல் அங்கவடியில் மாட்டிக்கொள்ளத்தான் அந்தக் குதி. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஐரோப்பியப் பிரபுக்களைப் பிடித்துக்கொண்டது. பெண்கள் போட ஆரம்பித்தது அதற்குப் பிறகு, அதுவும் ஆண்களைப் பார்த்துத்தான். பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் பெரிய ஓவியம் ஒன்று பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ரிகோ என்ற ஓவியர் 1701இல் வரைந்தது. முடிசூட்டு அங்கியை ஒதுக்கிவிட்டு, வெள்ளைக் காலுறை போட்ட காலை முன்னால் நீட்டி, வெள்ளை ஷூவும் சிவப்பு ஹீலும் தெரிய நிற்பார். அரசவையில் சிவப்பு ஹீல் என்றாலே பெரிய இடத்து ஆள் என்று அர்த்தம். அந்தப் படம் வரையும்போது அவருக்கு வயது 63ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. எனக்கும் இப்போது 63 என்பதால் அதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். 18ஆம் நூற்றாண்டில்தான் ஆண்கள் ஹீலைக் கழற்றினார்கள், இது அறிவுள்ள ஆணுக்கு ஆகாத ஆடம்பரம் என்று. கனடாவின் டொராண்டோவில் இருக்கும் பாட்டா காலணி அருங்காட்சியகம் 2015இல் ஆண்களின் ஹீல்ஸ் வரலாற்றுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? எழுபதுகளில் என் சித்தப்பா பெல்பாட்டம் பேண்ட்டுக்குக் கீழே இரண்டங்குலக் கட்டை ஹீல் ஷூ போட்டுக்கொண்டு தேர்முட்டியில் நிற்பார். தெருவே ஸ்டைல் என்றது. ஒருத்தர்கூட ‘ஆம்பளையா நீ’ என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று சொல்கிறேன். ஆண்கள் ஷூவுக்குள்ளே குதிகாலுக்கு அடியில் இரண்டு இரண்டரை அங்குலம் மேடு வைத்துச் செய்வது உண்டு. வெளியே பார்த்தால் சாதாரண ஷூ. போட்டால் ஆள் உயர்ந்துவிடுவார். கல்யாண மாப்பிள்ளைகள் தேடி வாங்குவார்கள். ஹீல்ஸ்தான் அது, வேறென்ன? குதி உயர்கிறது, எடை முன்பாதத்துக்குப் போகிறது, அதே வலி. ஒளித்துவைத்தால் ஆம்பளை, வெளியே தெரிந்தால் பைத்தியம் என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2015இல் லண்டனில் நிக்கோலா தார்ப் என்ற பெண்ணை, வரவேற்பாளர் வேலைக்கு ஹீல்ஸ் இல்லாமல் தட்டையான ஷூவில் வந்தார் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அவர் ஆரம்பித்த மனுவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள், பாராளுமன்றம் வரை போனது. அவர் கேட்டது நியாயம். தினமும் எட்டு மணி நேரம் ஹீலில் நிற்கச் சொல்வது கொடுமை. பின்னங்கால் தசை சுருங்கிவிடும், செய்தவன் சொல்கிறேன். வேண்டாம் என்கிறவரைப் போடச் சொல்வதும், ஆசைப்படுகிறவனைக் கழற்றச் சொல்வதும் ஒரே வாய்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்படி எழுதினால் சிலர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று தெரியும். திருநங்கையரை எனக்குத் தெரியும், மதிக்கிறேன். அவர்கள் பாடு வேறு, அதைச் சொல்ல நான் ஆள் இல்லை. நான் மீசை வைத்த, வேட்டி கட்டுகிற, இரண்டு பேத்திகளுக்குத் தாத்தா. ஹீல்ஸ் போட்டாலும் மீசை அதே இடத்தில்தான் இருக்கிறது. என் மகன் போனில் மார்க் பிரையன் என்பவரைக் காட்டினான். ஜெர்மனியில் வாழும் அமெரிக்கர், ரோபோ பொறியாளர், குடும்பஸ்தர், ஏறக்குறைய என் வயது. ஸ்கர்ட்டும் ஊசி ஹீலுமாக வேலைக்குப் போய்வந்தவர். பிடித்திருக்கிறது, போடுகிறேன் என்கிறார். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம், வீட்டுக்குள், சிவப்பு சிமென்ட் தரையில். அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு தடவை தைரியம் வந்தது. வேலூரில் ஒரு கடையில் ஏறி 40இல் ஹீல்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். பையன் எடுத்து வந்து, “அக்காவுக்கா சார், அம்மாவுக்கா?” என்றான். எனக்கு என்றேன். அவன் முகம் மாறியதைவிட, பின்னால் நின்ற இன்னொருவன் போனைத் தூக்கியதுதான் வலித்தது. படிக்கட்டில் இறங்கும்போது கால் நடுங்கியது, அதுவும் தட்டைச் செருப்பில்.

மேடையில் நடந்த அந்தப் பையன் 42, 43 கால்காரனாக இருந்தால் பாவம். பெண்கள் ஷூவுக்கான லாஸ்ட், அதாவது கால் அச்சு, பெரும்பாலும் 41ஓடு நின்றுவிடும். சின்னதில் காலை நுழைத்து நடந்திருந்தால் விரல் நசுங்கியிருக்கும். இங்கிலாந்தில் ஏர்ல்ஸ் பார்ட்டன் என்ற ஊரில் ஸ்டீவ் பேட்மன் என்பவரின் குடும்பத் தொழிற்சாலை தொண்ணூறுகளில் நொடித்துக்கொண்டிருந்தபோது, ஆண்கள் சைஸில் பெண்கள் ஷூ கிடைக்குமா என்று ஒரு கடையிலிருந்து கேட்டார்கள். அவர் செய்து கொடுத்தார். கேட்லாக் படத்துக்கு மாடல் கிடைக்காமல், தானே கால்முடியைச் சிரைத்துக்கொண்டு போட்டு நின்றார். ஆண் எடைக்கு ஹீலும் ஷாங்க்கும் இன்னும் கனமாக வேண்டும், அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்க் கம்பெனி யாராவது அந்த லாஸ்ட்டை வார்த்தால், சம்பளம் இல்லாமல் வந்து முதல் சாம்பிள் செய்து தருகிறேன்.

பெயர் போட வேண்டாம் என்கிறான் மகன். போடச் சொல்கிறாள் மனைவி. 1998இல் வாங்கிய ஜோடிக்குப் போன மாதம்தான் ஹீல் நுனியில் தரையைத் தொடும் டாப் பீஸ் மாற்றினேன், ஐந்தாவது தடவை. ஊர் பெயரை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஷூ கம்பெனித் தொழிலாளி,
ஆம்பூர், திருப்பத்தூர் மாவட்டம்.