மனுவில் வராத வருடங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணவன் மனைவி துரோகம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை செல்போனையும் சீரியலையும் திட்டியதோடு நின்றுவிட்டது. தருமபுரியில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு அது போதவில்லை. ஒருவர் துணையோடு ஒட்டும் விதத்துக்கும் துரோகத்துக்கும் உள்ள தொடர்பையும் அது பேசியிருக்க வேண்டும்.

குழந்தை தன்னை வளர்ப்பவரோடு கொள்ளும் பிணைப்பை ஆராய்ந்தவர் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி. 1987இல் ஹசான், ஷேவர் என்ற உளவியலாளர்கள் இருவர் அதைக் காதல் உறவுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். சிலர் துணையிடம் நிம்மதியாக இருப்பார்கள். சிலருக்கு, விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்ற பதைப்பு ஓயாது. இன்னும் சிலர், யாராவது நெருங்கினாலே ஒதுங்கிக்கொள்வார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றில் துரோகத்தோடு சேர்ந்து காணப்படுவது இந்த ஒதுங்கும் குணம். உறவில் முழுசாக ஒட்டாதவருக்கு வேறு பக்கம் பார்வை போவது சுலபம். பதைப்புக்காரர்கள் விஷயத்தில் முடிவுகள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன.

எங்கள் பக்கம் பென்னாகரம், அரூர் ஆண்கள் நிறையப் பேர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். மனைவி ராத்திரி திரும்பத் திரும்ப போன் போடுவாள். அவர் சைலண்டில் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார். அவர் எடுக்காததால் இவள் இன்னும் கூப்பிடுவாள். இவள் கூப்பிடுவதால் அவர் இன்னும் எடுக்கமாட்டார். பெரியவர்கள் ‘சந்தேகப் புத்தி’ என்று அவளைத்தான் அதட்டுவார்கள் (அவரை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை). கடைசியில் விவாகரத்து மனுவில் வருவது கள்ளத்தொடர்பு மட்டும்தான். அதற்கு முந்தைய வருடங்களை டைப் அடிக்க யாரும் சொல்வதில்லை.

“அந்த ஆளை உள்ளே தள்ள முடியாதா சார்?” என்று இன்றும் கேட்டு வருகிறார்கள். அடுத்தவர் மனைவியோடு தொடர்பு வைத்த ஆணைத் தண்டிக்க இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த 497ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018இல் ரத்து செய்துவிட்டது. விவாகரத்து கேட்க கள்ளத்தொடர்பு இன்னும் காரணமாக நீடிக்கிறது.

அதற்காக, ‘நான் வளர்ந்த விதம் அப்படி’ என்று ஒருவர் சாக்கு சொன்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஆய்வுகள் சொல்வது பொதுவான போக்கை. ஒதுங்கும் குணத்தோடே ஒழுங்காகக் குடும்பம் நடத்துபவர்கள் எத்தனையோ பேர். நம்பிக்கையான துணையோ நல்ல கவுன்சிலிங்கோ அமைந்தால் குணமும் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். குடும்பநல நீதிமன்றத்தில் ஆலோசகர்கள் உண்டு, சரி. ஆனால் அங்கே வருவதற்குள் இருவரும் வக்கீல் வைத்துவிடுகிறார்கள்.

எனவே, மனநல ஆலோசகர் ஒருவரை வைத்து இதைப் பற்றி ஒரு தொடர் போடுங்கள். வார லீவுக்கு பெங்களூரிலிருந்து பஸ் ஏறுகிறவர் ஓசூர் தாண்டுவதற்குள் படித்து முடிக்கிற அளவில் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா,
தருமபுரி