இரண்டு பாஸ்போர்ட்டுடன் ஊர் வருவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றுத் தக்கலையில் வசித்து வருகிறேன். அக்கம்பக்கத்தில் யாருக்கு வெளிநாட்டு விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றாலும் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிள்ளைகள் ஊருக்கு வரும் காலம் நெருங்குவதால், அந்தத் திண்ணையில் ஓயாமல் கேட்கப்படும் ஒரு கேள்வியைப் பற்றித் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். "அந்த நாட்டு பாஸ்போர்ட் கிடைச்சாச்சு, நம்ம பாஸ்போர்ட்டிலயும் இன்னும் நாலு வருஷம் கிடக்கு. ரெண்டையும் வச்சுக்கிட்டா என்ன சாரே?" என்பதுதான் அது.

வைத்துக்கொள்ள முடியாது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், 9-ஆம் பிரிவின்படி, ஒருவர் தாமே விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றவுடன் அவருடைய இந்தியக் குடியுரிமை தானாகவே அற்றுப்போகிறது. அதற்கென்று எந்த அதிகாரியும் ஆணை பிறப்பிப்பதில்லை, யாரும் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புவதுமில்லை. குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. பாஸ்போர்ட்டின் பக்கத்தில் 2029 வரை செல்லும் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அது செல்லும் என்றே நம்பிவிடுகிறோம். உறுதிமொழி எடுத்த நாளிலேயே அது செல்லாத புத்தகமாகிவிட்டது என்பதை அதில் எந்த வரியும் சொல்வதில்லை.

நம் மாவட்டத்திலிருந்து நர்ஸ் வேலைக்குச் சென்று பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் குடியேறியவர்கள் ஏராளம். அந்நாடுகள் தம் குடிமக்கள் இரட்டைக் குடியுரிமை வைத்திருப்பதைத் தடுப்பதில்லை என்பதால், உறுதிமொழி எடுக்கும் அரங்கில் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும்படி எவரும் கேட்பதும் இல்லை. அவர்கள் கேட்காததால் நம் சட்டமும் கேட்காது என்று எண்ணிய குடும்பங்களில் என்னுடையதும் ஒன்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு நெஞ்சுவலி வந்தபோது, பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த என் மகள் ஓசிஐ (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) அட்டைக்கு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் தனியே விசா எடுக்காமல் வந்துபோக இந்திய அரசு தரும் அட்டைக்கு, விண்ணப்பிக்காமல் இருந்தாள். மார்த்தாண்டத்தில் ஒரு பயண முகவரிடம் மருமகன் தொலைபேசியில் விசாரித்தபோது, "வரும்போது இந்தியன் பாஸ்போர்ட்டைக் காட்டுங்க, போகும்போது மத்ததைக் காட்டுங்க, ஒண்ணும் வராது" என்று அவர் தைரியம் சொன்னார். வரும்போது உண்மையிலேயே ஒன்றும் வரவில்லை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லையே, முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். திரும்பும்போதுதான் சிக்கியது. திருவனந்தபுரத்தில் விமான நிறுவனத்தின் கவுண்டரில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைக் காட்டிப் போர்டிங் பாஸ் வாங்கியவள், குடியேற்றச் சோதனைக் கவுண்டரில் வருகை முத்திரை இருந்த இந்திய பாஸ்போர்ட்டை நீட்டினாள். அதிகாரி பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "லண்டன் போக விசா எங்கே?" என்று கேட்டார். அங்கே குடியுரிமை பெற்றதும் பழைய வசிப்பு அனுமதி அட்டையைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. பதில் சொல்ல வழியின்றி மற்ற பாஸ்போர்ட்டையும் எடுத்துக் கொடுத்தாள். அதிலோ இந்தியாவுக்குள் நுழைந்ததற்கான முத்திரையும் இல்லை, விசாவும் இல்லை. விமானம் போய்விட்டது. வாக்குமூலம், அபராதம், வெளியேறும் அனுமதி என்று அவள் அலைந்த நாட்களில், என்னைப் பார்க்க அவளை வரவழைத்த நெஞ்சுவலியே தேவலாம் என்று எனக்கு ஆகிவிட்டது.

அந்த அதிகாரி மீது எனக்கு வருத்தமில்லை. அவர் செய்தது அவருடைய வேலை. அபராதத்தோடு தப்பியதே எங்கள் நல்ல நேரம். குடியுரிமை மாறியதை மறைத்து இந்திய பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வாங்கினால், 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனையும் 10,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்திலோ, செல்லத்தக்க பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் நாட்டுக்குள் நுழையும் வெளிநாட்டவருக்கு ஐந்தாண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. நம் வீட்டுப் பெண்ணைச் சட்டம் 'வெளிநாட்டவர்' என்று அழைப்பது காதுக்குக் கசக்கத்தான் செய்கிறது.

மக்கள் பழைய பாஸ்போர்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஆசையைக் காட்டிலும் பயமே காரணம் என்பது என் அனுபவம். குலசேகரம், அருமனைப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் ரப்பரோ தென்னந்தோப்போ உள்ள வீடுகளில், குடியுரிமை போனால் சொத்தும் போய்விடும் என்றொரு பேச்சு உலவுகிறது. அது தவறு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற ஓசிஐ அட்டைதாரர்கள் விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் புதிதாக விலைக்கு வாங்க முடியாது என்பது உண்மையே. ஆனால், பெற்றோரிடமிருந்து வாரிசாக வரும் நிலத்துக்கு அந்தத் தடை கிடையாது. குடியிருக்க வீடு வாங்கவும் தடையில்லை. வாக்குரிமை, அரசு வேலை போன்றவைதான் இல்லாமல் போகின்றன.

ஓசிஐ அட்டைக்கு வைத்த பெயரும் குழப்பத்துக்கு ஒரு காரணம். பெயரில் 'குடிமகன்' என்ற சொல் இருக்கிறது, புத்தகமும் அரசு முத்திரையோடு பாஸ்போர்ட் போலவே இருக்கிறது. அதனால் அதை இரண்டாவது பாஸ்போர்ட் என்றே பலர் நினைக்கிறார்கள். 2005-இல் தொடங்கிய இத்திட்டம் தருவது அடிப்படையில் ஆயுள் முழுவதற்குமான விசாதான், குடியுரிமை அல்ல. பயணத்தில் அயல்நாட்டு பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சரண்டர் சர்டிபிகேட் பெற்றால்தான் அந்த அட்டைக்கே விண்ணப்பிக்க முடியும். ஒப்படைத்த பாஸ்போர்ட்டை ரத்து முத்திரையுடன் திருப்பித் தந்துவிடுகிறார்கள். முதல் சவூதி விசா ஒட்டிய என் மகளின் பழைய பாஸ்போர்ட் இன்றும் எங்கள் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

இந்தியா இரட்டைக் குடியுரிமை வழங்கலாமா என்பதை நாடாளுமன்றம் முடிவு செய்யட்டும். என் கோரிக்கை சிறியது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், வெளிநாடு செல்வோருக்கு வழிகாட்ட நோர்க்கா என்ற அரசுத் துறை இருக்கிறது. நம் மாநிலத்திலும் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. அத்துறை இவ்விதிகளை ஒரே பக்கத்தில் எளிய தமிழில் அச்சிட்டு, ஊராட்சி அலுவலகங்கள், பங்குப் பேரவைகள், ஜமாஅத்துகள் வழியாக வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குக் கொடுக்கலாம். ஊருக்கு வந்திருக்கும்போது சரண்டர் சர்டிபிகேட்டுக்கோ ஓசிஐ அட்டைக்கோ விண்ணப்பிக்க எண்ணுவோர் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தையும் சென்னையிலுள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தையும் நம்பியிருக்க வேண்டியுள்ளது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் இரண்டு நாள் முகாம் நடத்தி, படிவங்களைச் சரிபார்த்துக் கொடுத்தால்கூடப் பெரும் உதவியாக இருக்கும். முகாமுக்கு வருவோரின் படிவங்களை நிரப்பித் தர நானும் என்னைப் போல் ஓய்வுபெற்ற சிலரும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.