பாக்குவெட்டியை விட்டுப்போன தம்பிக்கு

வெள்ளம் வடிந்து இன்றைக்கு ஆறாம் நாள். வீட்டுச் சுவரில் இடுப்பளவில் ஒரு சேற்றுக்கோடு நிற்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகிறதாக இல்லை. கிணறு இறைத்து, குளோரின் போட்டு, பாய் தலையணைகளை வெளியே இழுத்துக் காயப் போட்டாயிற்று. உன்னிச்சைக் குளமும் நவகிரிக் குளமும் நிரம்பி வான் பாய்ந்த அந்த இரவு என்ன நடந்தது, வேளாண்மை என்ன ஆனது, எத்தனை மாடு போனது என்பதெல்லாம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த கதை. எங்கள் வீட்டுக் கதையும் அதேதான். அதனால் நேராக நன்றிக்கு வருகிறேன். ஆறப் போட்டால் எழுத மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

முதலில், ஒரே மூச்சில் சொல்ல வேண்டியவர்கள். இடுப்பளவு தண்ணீருக்குள் உழவு மெசினைக் கொண்டுவந்து, "எஞ்சினுக்குத் தண்ணி போனாப் போகட்டும், ஏறுங்க" என்று எங்களில் 14 பேரை ஏற்றிய அண்ணன். தோணிகளை லொறியில் ஏற்றிக்கொண்டு கேட்காமலே வந்த, வாவிக்குக் கிழக்கே கடலோரத்து எழுவான்கரைக் கடற்றொழிலாளர்கள். இரண்டு இரவு கண் மூடாத எங்கள் கிராம சேவகர். வகுப்பறைகளைத் திறந்துவிட்டு, தன் கதிரையையும் வயதானவர்களுக்குக் கொடுத்துவிட்டு, சின்னப் பிள்ளைகளின் வாங்கில் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்த அதிபர். அம்மம்மாவின் பிரஷர் குளிசை தண்ணீரோடு போனதும் எங்கிருந்தோ ஒரு அட்டை தேடிக் கொண்டுவந்த மிட்வைஃப் மிஸ். மேட்டில் மாடுகளோடு மாடுகளாக நனைந்துகொண்டு நின்ற பொடியன்மார். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்த ஆமிக்காரப் பொடியன். அவனுக்குத் தெரிந்த தமிழ் "பயம் இல்லை" மட்டும்தான் போல, கரை வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். சுவிஸிலும் கனடாவிலும் இருந்து சாமம் என்று பாராமல் கோல் எடுத்தவர்கள். உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. பேர் விடுபட்டுவிட்டது என்று யாரும் குறை நினைக்க வேண்டாம், நான் ஒருவருடைய பேரையும் எழுதவில்லை.

மிச்ச மடல் ஒரே ஒருவருக்கு. அவர் பேர் எனக்குத் தெரியாது. அவருடைய பாக்குவெட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது.

தம்பி, உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டாம் நாள் பகல், மழை கொஞ்சம் விட்ட நேரம், வாவியைக் கடக்கிற மண்முனைப் பாலத்தால் ஒரு கன்டர் லொறி வந்தது. முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் இருந்து சோத்துப் பார்சல். நீங்கள் ஏழெட்டுப் பேர் குதித்து இறங்கி, வகுப்பறை வகுப்பறையாகக் கொடுத்துக்கொண்டு வந்தீர்கள். எங்கள் ஆட்களை நினைத்து மரக்கறியும் முட்டையும் மட்டும் வைத்துக் கட்டியிருந்தீர்கள், அதையும் கவனித்தோம்.

அம்மம்மாவுக்கு 82 வயது. உழவு மெசினில் இருந்து இறக்கிய நேரம் தொட்டு அவர் ஒரு சொல் பேசவில்லை. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேத்தண்ணி இரண்டு மிடறுக்கு மேல் இறங்கவில்லை. பயந்துபோனா என்றார் ஒருவர், வீடு போன கவலை என்றார் இன்னொருவர், வயது போனவ, இனி இப்படித்தான் என்றும் ஒரு குரல் கேட்டது. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி அழத் தொடங்கிவிட்டார். நான் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என்ன வாகனம் கிடைக்கும் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்சலைத் தந்துவிட்டு நீங்கள் அடுத்த ஆளிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அம்மம்மாவுக்கு முன்னால் குந்தி இருந்தீர்கள். எல்லாரும் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், நீங்கள் கையைப் பார்த்தீர்கள். அந்தக் கை மடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. சீலை மடிப்பை விரிக்கும், தடவும், மூடும், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் விரிக்கும். நாங்களும் அதை முதல் நாள் இரவு தொட்டுக் கண்டோம். நடுக்கம் என்று நினைத்தோம்.

"அண்ணன், மூத்தம்மா வெத்திலை போடுறவவா?" என்று கேட்டீர்கள்.

எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. காணி உறுதி, அடையாள அட்டைகள், பாங்குப் புத்தகம் எல்லாவற்றையும் பொலித்தீனில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தவன் நான். அவர் வெற்றிலை வைக்கிற கொட்டப்பெட்டி தலைமாட்டிலேயே கிடந்து வெள்ளத்தோடு போயிருக்கிறது. எனக்கு அது ஒரு சாமானாகவே படவில்லை.

அடுத்து நீங்கள் கேட்ட கேள்விகளை நான் பலரிடம் சொல்லிவிட்டேன். "பச்சைப் பாக்கா, காஞ்ச பாக்கா? பொயிலை போடுவாவா? பல்லு இல்லையே, ஆரு இடிச்சுக் குடுக்கிற?" ஒரு வெற்றிலைக் கிழவியோடு ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் இது மூன்றும் வாயில் வரும். பதில் சொன்னேன். "பொறுங்க, வாறன்" என்று யாரிடமோ ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

கொக்கட்டிச்சோலையில் கடைகள் பூட்டிக் கிடந்தன. நீங்கள் பாலத்தால் திரும்பி, ஆரையம்பதி தாண்டி, வீட்டுக்கே போயிருக்கிறீர்கள். ஒன்றேகால் மணித்தியாலம். உண்மையைச் சொன்னால், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. யார் வருவார்கள் அந்த மழையில்! சேர்ட்டுக்குள் பொத்திக் கொண்டுவந்த பையை விரித்தபோது உள்ளே வெற்றிலை, நாலு பாக்கு, கடுதாசியில் மடித்த சுண்ணாம்பு, ஒரு துண்டுப் பொயிலை, அப்புறம் அந்தப் பாக்குவெட்டி. கடையில் புதிதாக வாங்கியதில்லை அது. பிடி தேய்ந்து, கை பட்டுப் பட்டு வழவழத்துப்போன பழைய சாமான்.

இடிக்க உரல் இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தீர்கள். அந்தப் பள்ளிக்கூடத்து மணி என்பது வேம்பில் தொங்குகிற ஒரு தண்டவாளத் துண்டு. அதை அடிக்கிற கம்பி அலுவலக யன்னலில் சொருகிக் கிடந்தது. அதிபரிடம் கேட்டு எடுத்து, குழாயில் இரண்டு தரம் கழுவி, ஒரு சில்வர் பேணியை வாங்கிக்கொண்டு வந்து அமர்ந்தீர்கள். வெற்றிலையின் காம்பையும் நரம்பையும் கிள்ளி, பாக்கை மெல்லிசாகச் சீவி, சுண்ணாம்பை விரல் நுனியால் தொட்டு வைத்து இடிக்கத் தொடங்க, ணங், ணங் என்று மண்டபம் முழுக்கச் சத்தம். அடுத்த வகுப்பில் இருந்து ஒரு சின்னப் பெண் ஓடிவந்து, "இண்டைக்குப் பள்ளிக்கூடமா?" என்று பயந்துபோய்க் கேட்டாள். இரண்டு நாளில் முதல்முறையாக அந்த இடத்தில் ஆட்கள் சிரித்தார்கள்.

அம்மம்மா சிரிக்கவில்லை. அவருடைய கண் பேணியிலேயே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் இடி மனே. பாக்குத் திப்பி கிடக்கு."

வெள்ளத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். அம்மா அழுகையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

உள்ளங்கையில் வாங்கி, வாயில் ஒதுக்கி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு முறைப்படி விசாரணை தொடங்கியது. ஆருட மகன் என்றார். நீங்கள் சொன்னது தகரக் கூரையில் விழுந்த மழையில் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. என்ன ஊர் என்றார். "காத்தான்குடி, மூத்தம்மா." சரி, அடுத்து அவர் எதைக் கேட்பார் என்று மட்டக்களப்பில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். "என்ன குடி மனே?" தாய்வழியில் வருகிற வம்சத்தைத்தான் கேட்டார். நீங்கள் சிரித்துவிட்டு, "அது வாப்பாக்குத்தான் தெரியும்" என்றீர்கள். குடி தெரியாமல் ஒரு பிள்ளையா என்று அவர் ஏசத் தொடங்க, வெளியே கன்டர் கோர்ன் அடித்தது. நீங்கள் ஓடினீர்கள். பாக்குவெட்டி பாயில் கிடந்தது.

பின்னேரம் நாலு மணிக்கு அம்மம்மா சோறு கேட்டார்.

இதில் உங்கள் ஊரின் பேரை எழுதலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். மேடையில் ஏறுகிறவர்கள் எல்லாரும் தமிழர், முஸ்லிம்கள் என்ற எங்கள் இரண்டு பகுதியையும் புட்டும் தேங்காய்ப்பூவும் என்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அந்தப் புட்டில் ருசி போய்விட்டது. 1990 இல், போர்க்கால வன்செயல்களில், இரண்டு பக்கமும் என்ன பட்டது என்பதை மறைத்து எழுதவும் மனம் இல்லை. அதற்குப் பிறகு கன காலம் எங்கள் ஆட்கள் உங்கள் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கத் தயங்கினார்கள், உங்கள் ஆட்கள் எங்கள் பக்கம் வியாபாரத்துக்கு வரத் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தைக் கண்டு வளர்ந்தவன் நான். அதனால்தான் ஊரின் பேரை எழுதினேன்.

அம்மம்மா 1957 வெள்ளத்தைக் கண்டவர், 1978 சூறாவளியைக் கண்டவர். ஒவ்வொரு மாரியிலும் அந்தக் கதைகள் வரும். நவம்பர் 23 இரவு கூரை பறந்து, விடியப் பார்த்தால் தென்னைகள் எல்லாம் படுத்துக் கிடக்க, ஆறு மாதக் குழந்தையான சின்ன மாமாவைச் சுற்ற வீட்டில் காய்ந்த துணி ஒன்று இல்லை. தெருவால் போன யாரோ ஒருவர், புடவை மூட்டைக்காரராம், மூட்டையை இறக்கி ஒரு சீத்தைத் துண்டை உருவித் தந்துவிட்டுப் போனாராம். அம்மம்மா இந்தக் கதையில் ஒரு இடத்தை மட்டும் எப்போதும் இரண்டு முறை சொல்வார்: "நடுவில இருந்து உருவினான் மனே. மேல கிடந்த ஈரத்துணியத் தரல்ல, நடுவில இருந்து உருவினான்."

அந்தச் சூறாவளிக்குப் பிறகு என்னென்ன நிவாரணம் கிடைத்தது, யார் யார் வந்து பார்த்தார்கள் என்று கேட்டால் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. எங்கள் பேர்களையே மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறவர். அந்தச் சீத்தை ஊதா நிறம், மஞ்சள் பூப் போட்டது என்பது மட்டும் நேற்றுப் பார்த்த மாதிரி இருக்கிறது. சின்ன மாமாவுக்கு இப்போது தலையில் பாதி முடி இல்லை. இந்தக் கதை வந்தால் எழும்பி வெளியே போய்விடுவார்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் இந்த மடல் அரைவாசிதான். 2004 டிசம்பர் 26 கடல் அடித்தபோது நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் ஊரில் அடுப்பு அணையவில்லை. சோறு கட்டி, மண்முனையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றி வாவியைக் கடந்து (பாலம் 2014 இல்தான் வந்தது), கரையோரப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனோம். எத்தனை நூறு பார்சல் என் கையால் கொடுத்திருப்பேன்! ஒரு கை கூட நினைவில் இல்லை. நீட்டுகிற கையில் வைத்துவிட்டு அடுத்த கைக்குப் போனேன். வேகமாகக் கொடுக்கிறேன் என்று என்னைப் பாராட்டினார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. அந்தக் கைகளில் எத்தனை கை எதையோ தேடிக்கொண்டிருந்ததோ.

பசித்தவர்களுக்குச் சோறு முதலில் போக வேண்டும், வேகமாகப் போக வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. குடும்ப அங்கத்தவர் எத்தனை என்று கேட்கிற படிவத்தில் வெற்றிலைக்கும் ஒரு கட்டம் போடச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த மாரிக்கு நான் பார்சல் கொடுக்கிற பக்கத்தில் நிற்க நேர்ந்தால், ஒரு சில்வர் பேணியையும் இரும்புக் கம்பியையும் கூட எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

மிட்வைஃப் மிஸ் இதைப் படித்தால் ஏசுவார். பாக்கு வாய்ப்புற்றுநோயைக் கொண்டுவரும், பொயிலையும் சேர்ந்தால் இன்னும் மோசம் என்று எங்கள் ஊரில் அவர் சொல்லாத வீடு இல்லை. சரியான பேச்சுத்தான், இளம் பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கமே போக வேண்டாம். 82 வயதில் ஒரு மனுசிக்கு மட்டும் விட்டுக்கொடுங்கள் மிஸ்.

அதிபருக்கு ஒரு சேதி. அந்தச் சில்வர் பேணியின் அடி நெளிந்துவிட்டது, சிவப்புக் கறையும் போகவில்லை. பள்ளிக்கூடம் தொடங்குமுன் புதுப் பேணி ஒன்று கொண்டுவந்து தருகிறேன். நெளிந்ததை எங்களுக்குத் தந்துவிடுங்கள்.

தம்பி, நீங்கள் வேண்டுமென்றுதான் விட்டுப்போனீர்களோ, அவசரத்தில் மறந்தீர்களோ தெரியாது. ஆனால் உங்கள் வீட்டில் ஒரு மூத்தம்மா இப்போது பாக்குச் சீவ வழியில்லாமல் இருக்கிறா என்பது நிச்சயம், அதை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை. காத்தான்குடிக்கு இரண்டு முறை வந்து பிரதான வீதியில் நின்று விசாரித்தேன். வெள்ளத்துக்குச் சோறு கொண்டுபோன பொடியன் என்று கேட்டால் ஊரில் பாதிப்பேரைக் காட்டுகிறார்கள். பாக்குவெட்டி அம்மம்மாவின் தலையணைக்குக் கீழே இருக்கிறது. கடையில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன், தொட்டும் பார்க்கவில்லை. இதை என்னிடம் தரவும் மாட்டாராம், ஆள் நேரே வந்தால்தான் தருவாராம்.

வரும்போது சாப்பிடாமல் வாருங்கள். குடி என்ன என்று வாப்பாவிடம் கேட்டுக்கொண்டும் வாருங்கள். அம்மம்மா இன்னும் அந்தக் கேள்வியிலேயேதான் நிற்கிறார்.