வேலி ஏறிய கரடி

குன்னூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பண்ணைக்காட்டில் காபிப் பழம் பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் தேயிலைத் தோட்டங்களில் அதே பாடுதான். ஐப்பசி மழை இன்னும் விடவில்லை. மேட்டுப்பாளையம் சாலையில் மரம் விழுவதும் அறுத்து எடுப்பதுமாக இருக்கிறது. மற்றபடி வீட்டில் எல்லாரும் சுகம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். "ராணுவம் உஷார் நிலையில்" என்று டிவியில் சொல்கிறார்களே, அப்போது உள்ளே என்னதான் நடக்கிறது என்று கேட்டிருந்தாய். எதிரி எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டான் என்று அது காட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். நம் படை எவ்வளவு சீக்கிரம் கிளம்ப முடியும் என்பதைத்தான் அது சொல்கிறது. அமைதிக் காலத்தில் ஒரு பட்டாலியனில் பலர் விடுப்பில் இருப்பார்கள், சிலர் பயிற்சிக்குப் போயிருப்பார்கள். குண்டுகள் கிடங்கில் பூட்டிக் கிடக்கும். நிலையை உயர்த்தினால் முதலில் விடுப்பு ரத்தாகும். அப்புறம் வெடிபொருள் வெளியே வரும், வண்டிகளில் சாமான் ஏறும், காவல் இரட்டிப்பாகும். விமானத் தளத்தில் விமானிகள் ஓடுபாதை ஓரத்திலேயே உடையோடு காத்திருப்பார்கள்.

2001 டிசம்பர் 13ஆம் தேதி நாடாளுமன்றத்தில் தாக்குதல் நடந்தபோது நான் விடுப்பில் ஊரில்தான் இருந்தேன். உடனே திரும்பச் சொல்லித் தகவல் வந்துவிட்டது. பாகிஸ்தான் எல்லையில் படை குவிக்கும் அந்த நடவடிக்கைக்கு ஆபரேஷன் பராக்ரம் என்று பெயர். உள்நாட்டு முகாம்களிலிருந்து பெரும் படைகள் எல்லைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. அதற்குப் பின் பத்து மாதம் அப்படியே நின்றோம். போர் வரவில்லை. ஆனால் கண்ணிவெடி புதைப்பதிலும் எடுப்பதிலும் எத்தனையோ ஜவான்கள் போய்விட்டார்கள். நிலையை ஏற்ற ஓர் உத்தரவு போதும். இறக்குவதுதான் பெரும்பாடு. யார் முதலில் பின்வாங்குவது என்ற கேள்வி வந்துவிடுகிறதே.

அமெரிக்காவில் இதற்கு டெஃப்கான் என்று ஐந்து படி வைத்திருக்கிறார்கள். 5 என்றால் சாதாரணம், 1 என்றால் போர் தலைக்கு மேல். 1962 அக்டோபர் 22ஆம் தேதி, கியூபாவில் சோவியத் யூனியன் ஏவுகணை வைத்ததால் வந்த நெருக்கடியில், படைகளை 3க்குக் கொண்டுவந்தார்கள். 24ஆம் தேதி அணுகுண்டு விமானப் படை மட்டும் 2க்குப் போனது. அதன் தளபதி அந்தச் செய்தியைச் சங்கேதம் இல்லாமல் வெளிப்படையாகவே ஒலிபரப்பினார். சோவியத்துக்காரன் கேட்கட்டும் என்றுதான். உஷார் நிலை எதிராளியின் காதுக்கும் போகிற செய்தி என்பது இதில் புரியும். கேட்டவனும் தன் நிலையை ஏற்றினால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

அடுத்த நாள் நள்ளிரவு, அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள டுலூத் ராணுவத் தளத்தில் ஓர் உருவம் வேலி ஏறுவதைக் காவலர் பார்த்துச் சுட்டார், அபாய மணியை அழுத்தினார். பக்கத்துத் தளங்களிலும் மணி அடித்தது. விஸ்கான்சினில் வோல்க் ஃபீல்டு என்ற தளத்தில் வயரிங் தவறால் போருக்குப் புறப்படும் மணியே அடித்துவிட்டது. ஒத்திகை மணி இப்போது அடிக்காது என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்ததால் விமானிகள் அதை நிஜம் என்றே நம்பினார்கள். அணு ஆயுதம் ஏந்திய எஃப்-106 விமானங்கள் ஓடுபாதைக்கு வந்தபோது, ஒருவர் காரை எடுத்துக்கொண்டு விளக்கைச் சிமிட்டியபடி ஓடி வந்து நிறுத்தினார். டுலூத்தில் வேலி ஏறியது ஒரு கரடி! நம் பக்கம் விளக்கில் ஊற்றும் எண்ணெய் வாசனைக்குக் கோயில் கதவை உடைக்கிற கரடியை யார் பார்த்தாலும் கரடி என்றுதான் சொல்வார்கள். அந்த வாரம் அங்கே இருட்டில் அசைந்ததெல்லாம் எதிரியாகத் தெரிந்தது.

2022 மார்ச் 9ஆம் தேதி நம் பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானில் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிகுண்டு இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. அவர்கள் பதிலுக்குச் சுடவில்லை. நம் தரப்பில் மூன்று அதிகாரிகளைப் பணிநீக்கம் செய்தார்கள். அமைதிக் காலம் என்பதால் அது கண்டன அறிக்கையோடு போயிற்று. அதே ஏவுகணை, இரு நாடும் மோதிக்கொண்டிருந்த 2025 மே 8ஆம் தேதி இரவு தவறிப் போயிருந்தால் தவறு என்று நாம் சொன்னதை யார் நம்பியிருப்பார்கள்?

அதனால்தான் இரு நாட்டு ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களுக்கு இடையே உள்ள நேரடித் தொலைபேசியை நான் பெரிதாக மதிக்கிறேன். மே 10 அன்று பிற்பகல் 3.35க்கு அங்கிருந்து அழைப்பு வந்தது, மாலை 5 மணியிலிருந்து சுடுவதை நிறுத்துவதாகப் பேசி முடித்தார்கள். பெரிய போர்ப் பயிற்சி என்றால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று 1991இல் ஓர் ஒப்பந்தம், ஏவுகணைச் சோதனைக்கு 2005இல் இன்னொன்று. அணு நிலையங்களின் பட்டியலை ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் மாற்றிக்கொள்கிறார்கள், உறவு எவ்வளவு கெட்டிருந்தாலும். டிவியில் இதையெல்லாம் யாரும் கத்திச் சொல்வதில்லை. எல்லையில் நிற்கிற பையனுக்கு உயிர்க் காப்பு இதுதான்.

உன் பேரன் ராணுவத்தில் சேர ஆசைப்படுகிறான் என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம், தடுக்காதே. மே மாதம் சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சிக்கு அழைத்து வா. வெலிங்டன் ராணுவ முகாம் பக்கத்தையும் சுற்றிக் காட்டி, அவன் கேட்பதற்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொல்கிறேன். மழை விட்டதும் உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்